திருப்பிக் கொடுத்த வழக்கு

கண்ணு பர்வீன்,

டெல்லியில் பிரதமராக இருந்த அம்மாவை அவர் வீட்டுக் காவல்காரர்களே சுட்டுக் கொன்ற வருஷம் அது. நோயில் கிடந்த நம் முதலமைச்சரை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதும் அதே ஐப்பசியில்தான். ஓசூரில் கடைகளையெல்லாம் சாத்தச் சொன்னார்கள். ஜூஜுவாடியில் நம் பஞ்சர் கடை வாசலில் கிடந்த பழைய டயர்களை நடுரோட்டில் போட்டு எரிக்க எடுத்துக்கொண்டு போனார்கள். கேட்டதற்கு, "நாடே எரியுது, உனக்கு டயர் பெருசா பாய்?" என்றார்கள். அந்தக் கரி மழைக்கும் போகாமல் ரோட்டில் ரொம்ப நாள் கிடந்தது. அது மறைந்து, மார்கழிப் பனி இறங்கின ஒரு காலையில் என் தம்பி, உன் சின்னத்தா காசிம் இறந்துபோனான். வருஷத்தின் நம்பர் எனக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. எதற்குப் பின்னால் எது நடந்தது என்பதை வைத்துத்தான் நான் காலத்தைப் பிடித்துவைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தையும் அங்கிருந்துதான் தொடங்க முடிகிறது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் சின்னம்மா மைமூன். காசிமின் கையைப் பிடித்து நம் வீட்டுக்கு வந்தபோது எட்டாவது படித்தவள் என்று ஊரே பேசியது. நான் கொச்சையாகச் சொல்வதை அவள் திருத்தி எழுதுகிறாள். "நீங்க சொல்றபடியே எழுதினா புள்ள ஹாஸ்டல்ல சிரிக்கும் மச்சான்" என்கிறாள். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "தலைக்கு எண்ணெய் வைக்கிறாளா, இல்ல மெட்ராஸ்காரியாட்டம் பரட்டையா திரியறாளான்னு கேளுங்க" என்றாள். கேட்டாயிற்று. நீ அவளுக்குத் தனியாகப் பதில் எழுது.

உன் கடிதத்தை மைமூன் படித்துக் காட்டினாள். மூன்று வழி எழுதியிருக்கிறாய். நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளையுடன் லண்டன் போய், அங்கே சட்டத்தை முதலிலிருந்து படிப்பது ஒன்று. இங்கேயே, புதிதாக வந்திருக்கிற விதிப்படி ஒரு சீனியரிடம் ஒரு வருஷம் பயிற்சி எடுத்து, பார் கவுன்சிலில் பெயரைப் பதிந்து, கொஞ்ச காலம் கோர்ட்டில் நின்றுவிட்டு, அதன் பிறகு அங்கே போய் வெளிநாட்டு வக்கீல்களுக்கென்று வைக்கிற பரீட்சையை எழுதுவது இன்னொன்று. எங்கேயும் போகாமல் ஓசூரிலேயே கறுப்புக் கோட்டு போட்டுக்கொள்வது மூன்றாவது. மூன்றாவது வழியை நீ எழுதியிருந்த விதத்திலேயே, அது எனக்காக எழுதியது என்று தெரிந்துவிட்டது. கடைசியில், "நீங்க சொல்லுங்க அத்தா, அதன்படி செய்றேன்" என்று முடித்திருக்கிறாய். ஐந்து வருஷம் சட்டம் படித்த பெண், கைநாட்டு வைக்கிறவனிடம் கேட்கிறாய். உனக்கு என் மேல் இருக்கிற மரியாதை அது. எனக்கோ, படுத்தால் எழ மனசில்லாத வயதில் தலையில் வைத்த மூட்டை மாதிரி இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை உன் மாமனாராக வரப்போகிறவர் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்தார். மாங்கூழ் வியாபாரம் செய்கிறவர், பேச்சும் அப்படியே, நிற்காமல் ஊற்றுகிறது. "ஒரு வருசம் எதுக்கு பாய் இங்க ஒக்காந்துக்கிட்டு? விசா வந்தா ஏறிட வேண்டியதுதானே. லண்டன்ல இல்லாத சட்டமா? நம்ம சட்டத்தையே அவன்தான எழுதிக் குடுத்துட்டுப் போனான்" என்றார். உன் அம்மா உள்ளேயிருந்து, "அப்ப அவனே வந்து நம்ம கேசையும் நடத்துவானாமா?" என்றாள். அவர் சிரித்துவிட்டு இன்னொரு டீ கேட்டார். நல்ல மனிதர்தான். அவசரம் அவருடைய தொழில் புத்தி. மாம்பழம் அழுகிவிடும் என்று ஓடிப் பழகியவருக்கு எல்லாமே அழுகிவிடும் என்று தோன்றுகிறது. டீயைக் கொடுத்து அனுப்பிவைத்தேன். சொல்ல வேண்டியதை உனக்குச் சொல்கிறேன். அதற்கு முன்னால் காசிமின் விஷயத்தை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். துண்டு துண்டாகத்தான் உனக்குத் தெரியும்.

கர்நாடகப் பக்கம், அத்திப்பள்ளியைத் தாண்டி இருந்த ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற வேன் நம் ஊரிலிருந்துதான் கிளம்பும். ஓட்டுகிறவர் மாணிக்கம், சேலத்துக்காரர். முதலில் ஏறுகிற ஆள் காசிம். அன்றைக்கும் வண்டியில் அவர்கள் இரண்டு பேர்தான். எல்லைக் கல்லைத் தாண்டிக் கொஞ்சம் போயிருக்கிறார்கள். எதிரே வந்த லாரி ஒன்று, முன்னால் போன மாட்டு வண்டியைத் தாண்டுவதற்காகப் பனியில் கண் தெரியாமல் வேன் வந்த பக்கமே ஏறிவந்து மோதியது. வேன் உருண்டு சிவண்ணாவின் நிலத்தில் விழுந்தது. சிவண்ணாவை உனக்குத் தெரியும், டிராக்டர் டயருக்குப் பஞ்சர் போட வந்தால் அவரைக்காய் கொண்டுவருகிற கன்னடக்காரர். அவர் அப்போது கொத்தமல்லிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். லாரி எந்தப் பக்கம் வந்தது என்பதைத் தரையில் நின்று பார்த்தவர் அவர். எல்லைக்கு இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த நாராயண ரெட்டியும் ஓடினார். லாரி டிரைவர் குதித்து ஓடியவன்தான், ஊர் பேர் தெரியாமல் போனான். மாணிக்கத்தின் கால் சிக்கியிருந்தது. காசிம் அந்த நிலத்திலேயே அடங்கிவிட்டான்.

நான் அந்த நேரம் ஓசூர் மார்க்கெட்டில் ஒட்டு ரப்பர் வாங்கப் போயிருந்தேன். பிறகு அவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். ரெட்டி சொல்லியிருக்கிறார்: "இங்க கிடந்தா கர்நாடகா போலீஸ் ஆனேக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுவாங்க. அறுத்துக் கட்டிக் குடுக்கறதுக்கு நாளைக்கு ஆயிடும். பாய் வூட்டு ஜனம் பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணணும்பா. நம்ம பக்கம் எடுத்துட்டுப் போயிடலாம்." சிவண்ணா தடுத்திருக்கிறார். "பேடா ரெட்டி, வேணாம். வண்டி என் நெலத்துல விழுந்துச்சு, இங்கயே இருக்கட்டும். எந்த போலீஸ் வந்தாலும் நான் சொல்றேன்." அதற்கு ரெட்டி, "உங்க போலீஸ் வந்து, நம்ம லிமிட் இல்லைன்னு சொல்லி, எங்க போலீசைக் கூப்பிட்டு, அது முடியறதுக்குள்ள மையத்து என்ன ஆகும் சிவண்ணா? அந்தப் பொண்ணுக்கு நீ பதில் சொல்றியா?" என்று கேட்டாராம். சிவண்ணா தன் டிராக்டரைக் கொடுத்திருக்கிறார். அதிலேயே காசிமை ஏற்றி, வேனையும் கட்டி இழுத்து, இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். ஓசூர் ஆஸ்பத்திரியில் மதியத்துக்குள் முடித்துக் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்து தொழுகிற மஃரிப் தொழுகைக்கு முன் காசிமை அடக்கம் செய்துவிட்டோம். நான் ரெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று அவர் செய்தது உபகாரம். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் போலீசில் விபத்து நடந்தது தமிழ்நாட்டு எல்லைக்குள் என்று எழுதியாயிற்று. அதை வைத்துக் கிருஷ்ணகிரி கோர்ட்டில் மைமூன் பெயரில் நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டார்கள். விபத்து எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துக் கோர்ட்டில்தான் போட வேண்டும் என்பது அன்றைய சட்டம். வேனை இழுத்து வந்தோமே தவிர லாரியை யார் தொட்டது? அது அங்கேயே நின்றது. கர்நாடகப் போலீஸ் அதைத் தங்கள் எல்லையில் பிடித்ததாக எழுதிவைத்திருந்தது. ஒரே விபத்தில் லாரி ஒரு மாநிலத்திலும் வேன் ஒரு மாநிலத்திலும் கிடந்தது. இன்சூரன்ஸ் வக்கீல் மாணிக்கத்தைக் கூண்டில் நிற்கவைத்து, "லாரி அங்க நிக்குது, வேன் இங்க கிடக்குது. உங்க வேன் என்ன, பறந்தா வந்துச்சு?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. மாணிக்கம் கட்டையை ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அங்கே உன்னையும் கூட்டிப் போயிருந்தோம். மைமூன் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். டவாலி வெளியே வந்து, "மைமூன் பீவி, மைமூன் பீவி, மைமூன் பீவி" என்று இழுத்துக் கூப்பிட்டதும், திடுக்கிட்டு எழுந்து பள்ளிக்கூடம் என்று நினைத்து, "உள்ளேன் ஐயா" என்றாய். அந்த டவாலி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீ வக்கீலாத்தான் வருவ பாப்பா" என்றான். வெளியே வேப்ப மரத்தடியில் சிவண்ணா சலவை வேட்டியும் புதுத் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நம் வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அந்தாளு வாயைத் தொறந்தா என் நெலத்துலதான் விழுந்துச்சும்பான். கேஸ் போச்சு." வழக்கை, உரிய இடத்தில் போய்ப் போடுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஆனேக்கல் போனோம். அங்கே இருந்த வக்கீல், "எங்க ஸ்டேஷன்ல செத்தவர் பேரே இல்லையே. எங்க கணக்குல அந்த லாரி சும்மா நின்னுட்டிருந்துச்சு, அவ்ளோதான். கேஸ் போடற காலக் கெடுவும் தாண்டிடுச்சு" என்றார். அங்கேயும் சிவண்ணா வந்திருந்தார். வழக்கே இல்லாத இடத்தில் சாட்சிக்கு என்ன வேலை? இரண்டு பக்கத்திலும் உண்மையைச் சொல்லத் தயாராக இருந்த ஒரே மனிதரை, இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை.

நீ பிளஸ் டூ முடித்து, சட்டம்தான் படிப்பேன் என்று நின்றபோது, பெங்களூரிலும் இடம் கிடைத்தது, மெட்ராஸிலும் கிடைத்தது. நான் பெங்களூர் என்றேன். என் யோசனை பஸ்ஸோடு முடிந்துவிட்டது. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம், சோறு வீட்டுச் சோறு. ஆனால் காவிரித் தகராறு முடிந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த மார்கழியில் பெங்களூரிலிருந்து குழந்தையும் மூட்டையுமாக எல்லையைத் தாண்டி நடந்து வந்த ஜனங்கள் நம் கடையில் டயர்களுக்கு நடுவே படுத்துக் கிடந்ததை உன் அம்மா மறக்கவில்லை. "அந்தப் பக்கம் பொம்பளப் புள்ளய அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்புங்க" என்றாள். அந்தப் பஞ்சாயத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்தவரும் சிவண்ணாதான். அவர் தகராறைப் பற்றிப் பேசவே இல்லை. "பாய், உங்க மகளுக்குக் கன்னடம் பேச வரும், எழுத வருமா?" என்றார். வராது என்றேன். "எங்க கீழ்க்கோர்ட்ல எல்லாம் கன்னடத்துலதான் எழுதணும். உங்க கோர்ட்ல தமிழ். அவ எந்தக் கோர்ட்ல நிக்கப் போறான்னு முதல்ல முடிவு பண்ணுங்க, காலேஜ் அப்புறம். நீங்க பஸ் ஸ்டாண்டைப் பாத்து காலேஜ் முடிவு பண்றீங்க." அவர் சொன்னபடிதான் உன்னை மெட்ராஸுக்கு அனுப்பினோம். படிப்பை முன்னாலிருந்து பார்க்கக் கூடாது, அது போய் முடிகிற இடத்தில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அதைத்தான் இப்போதும் சொல்கிறேன். லண்டனில் நீ கடைசியில் எங்கே நிற்கப் போகிறாய் என்று பார். நீ சொன்னதை வைத்தே சொல்கிறேன். இங்கே வக்கீலாகப் பதிந்து, வேலை செய்துவிட்டுப் போனால் அங்கே உன்னை வக்கீல் என்று கணக்கில் எடுத்துப் பரீட்சைக்கு உட்காரவைப்பார்கள். பதியாமல் போனால் நீ மறுபடியும் மாணவி. அங்கேயே படித்து வாங்குகிற பட்டத்தை, நாளைக்குத் திரும்பி வந்தால் இங்கே ஒத்துக்கொள்வார்களா என்பதும் உனக்கே சந்தேகம். எல்லையில் கடை வைத்திருக்கிறவனுக்கு ஒன்று தெரியும். இரண்டு பக்கத்துக்கும் பர்மிட் வைத்திருக்கிற லாரிக்காரன் செக்போஸ்ட்டில் இறங்கிக் கெஞ்ச மாட்டான். ஆகையால் இரண்டாவது வழிதான் என் வழி. ஒரு வருஷம் பயிற்சி, பதிவு, கொஞ்ச காலம் கோர்ட், பிறகு விமானம். மாப்பிள்ளையிடம் நீயே பேசு. பொறுக்கிறவர் என்றால் பொறுப்பார். பொறுக்காதவர் என்றால் அதையும் நிக்காஹுக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. மாங்கூழ் சம்பந்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு டீ கூடக் கொடுத்தால் போகிறது.

போன லீவில் நீ வந்தபோது ஒன்று சொன்னாய். சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், இனிமேல் இறந்தவரின் குடும்பம் குடியிருக்கிற ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம், காலக் கெடுவையும் எடுத்துவிட்டார்கள் என்றாய். "நம்ம கேஸ் தள்ளுபடி ஆகல அத்தா, திருப்பித்தான் குடுத்திருக்காங்க. தள்ளுபடி ஆகி நாம சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும். இது இன்னும் முடியல" என்றாய். உன் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நான் எழுந்து கடைக்குப் போய்விட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி இறங்கி, வாய்தா வாங்கி, மரத்தடியில் சோற்றுப் பொட்டலம் பிரித்து, காசிமின் பெயரை மாநிலத்துக்கு மாநிலம் தூக்கிக்கொண்டு அலைந்தாயிற்று. அவனை அடக்கம் பண்ணின அன்றைக்கே அடக்கம் பண்ணியிருக்க வேண்டும், நாங்கள்தான் விடவில்லை என்று சில நாள் நினைப்பேன்.

இதைச் சொன்னதும் மைமூன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதை எழுத மாட்டேன் மச்சான்" என்றாள். சரி, எழுதாதே என்றேன். "கேஸ் விஷயத்தையே எழுத வேணாம். அது புள்ளய இங்க கட்டிப் போட்டாப்பல ஆயிடும். அவ போகட்டும்" என்றாள். நான் கேட்டேன், "உனக்கு வேணாமா மைமூன்?" பேனா மூடியைத் திருகி மூடினாள். "பணம் வந்து இனி என்ன மச்சான். நான் சம்பாரிக்கிறேன், திங்கிறேன். அவரு எந்த இடத்துல செத்தாருன்னு ஒரு காயிதத்துலயாவது சரியா எழுதினா போதும். ரெண்டு கவர்மெண்டுல ஒருத்தன்கிட்டயும் அவரு செத்த இடம் இல்லை" என்றாள். பிறகு அவளே பேனாவை எடுத்து, எழுத மாட்டேன் என்றதையும் சேர்த்து எழுதினாள்.

அதனால் நான் சொல்வதைச் சரியாக வாங்கிக்கொள். வழக்குப் போடு என்று நான் சொல்லவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷத்தை உனக்காக எடுத்துக்கொள் என்கிறேன். ஓசூரில் சீனியர் கிடைத்தால் வீட்டுச் சோறு கிடைக்கும். மெட்ராஸில்தான் நல்ல சீனியர் என்றால் அங்கேயே இரு. அந்த வருஷத்தில் நீ எந்தக் கேஸ் கட்டைப் பிரிக்கிறாய் என்பது உன் இஷ்டம். லண்டன் போன பிறகு நீ இதை நினைத்து ராத்திரி விழித்துக் கிடப்பாயோ என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை, அது மட்டும் வேண்டாம்.

இருந்தாலும், இப்போது நிலைமை எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். வக்கீலுக்குப் படித்தவளிடம் மறைப்பது சரியில்லை. இடம் எது என்பதால் வழக்குக் கெடாது என்றாகிவிட்டது. இனி யார் மேல் தப்பு என்பதைக் கண்ணால் பார்த்தவர் சொல்ல வேண்டும். நாராயண ரெட்டி தன் நிலத்தைக் கம்பெனிக்கு விற்ற மறுவருஷம், அதே கம்பெனி வாசலில் யாரையோ பார்க்கக் காத்திருந்தபோது மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாணிக்கம் சேலத்துக்கே போய்விட்டிருந்தார். இந்த நோன்பு தொடங்குவதற்கு முன்னால் அவர் மகன் வந்து, அப்பா போய்விட்டார், உங்களுக்குச் சொல்லச் சொல்லியிருந்தார் என்றான். உனக்கு நான் தெரிவிக்கவில்லை, பரீட்சை நேரம்.

நேற்றுக் காலை சிவண்ணாவின் டிராக்டர் வந்து நின்றது. இறங்க முடியாமல் பேரனின் தோளைப் பிடித்து இறங்கினார். ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. அவரைக்காயை மேஜை மேல் வைத்துவிட்டு, "மகளு லாயர் ஆயிட்டாளா பாய்?" என்றார். இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றேன். "ஒரு வருசமா" என்று பேரனின் தோளை மறுபடியும் பிடித்துக்கொண்டார். பிறகு, "சரி, அந்தக் கோர்ட்டு வேட்டியைச் சலவைக்குப் போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அந்தக் காலையில் லாரி எந்தப் பக்கம் ஏறி வந்தது என்று பார்த்தவர்களில், கண்ணு, இன்னும் உயிரோடு இருப்பது சிவண்ணா ஒருவர்தான்.